சிறுபேராளன் ஒற்றைக் காலில் நின்ற கதை

முதலில் குனிந்து உங்கள் காலைப் பாருங்கள்.

இரண்டு ஷூவும் ஒரே ஜோடிதானா? அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். நிறம் ஒன்றாக இருக்கும், அச்சு ஒன்றாக இருக்கும், லேஸ்கூட ஒன்றாக இருக்கும். நான் கேட்பது தோலை. வலது காலில் இருக்கும் தோலும் இடது காலில் இருக்கும் தோலும் ஒரே லாட்டில் வந்தவையா? தெரியாது அல்லவா? எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. தெரிந்த அன்றைக்கு என் சாக்ஸைப் பிழிந்தால் ஒரு செடிக்கு ஊற்றலாம் என்கிற நிலைமை!

ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்கு வந்தவன் கடைக்குப் போய்க் காசு கொடுத்து ஷூ வாங்கினால் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவன் சிரிப்பான். நம் வழி வேறு. சாம்பிள் ரூமில் ஒரு தோஸ்தைப் பிடிக்க வேண்டும். அங்கே ஷூ பெரும்பாலும் ஒற்றைக் காலுக்குத்தான் பிறக்கும். ஆர்டர் கொடுக்க வருகிற பையர் பார்க்க ஒரு கால் போதும், இன்னொரு காலுக்குத் தோலை ஏன் வீணாக்க வேண்டும் என்பது கணக்கு. ஒரு பையர் வலது கேட்பார், இன்னொருவர் இடது கேட்பார். பார்த்து முடித்துக் கழித்துப் போட்டதில் நம் அளவுக்கு ஒரு வலதும் ஒரு இடதும் தேற்றிக்கொண்டால் கல்யாணம் முடிந்தது. ஜாதகம் பொருந்துகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இந்தத் தோல் ஊரில் பாதிப் பேர் இப்படிப்பட்ட கலப்புத் திருமணத்தில்தான் நடக்கிறார்கள்.

நான் அதே கம்பெனியில் மார்க்கெட்டிங்கில் இருந்து ஓய்வு பெற்றவன். தலைக்கு டை அடிப்பதால் இன்னும் நடுத்தர வயது என்று சொல்லிக்கொள்கிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். விலை போடுவது, சரக்கு அனுப்புவது, மெயில் எழுதுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: பேச்சு. அதனால் பேச்சு ஒருவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை மட்டும் சொல்கிறேன். என்னை ஒரு டப் தண்ணீரில் கொண்டுபோய் நிறுத்தியது.

நம் லேபில் ஒரு மேடம் இருக்கிறார். இன்றைக்கும் இருக்கிறார். நீங்கள் ரிப்போர்ட்டுக்காகப் போய் அசடு வழிய நிற்கிற அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவர்தான். 'என் பேரை மட்டும் போட்டீங்க, அண்ணே, அப்புறம் உங்க பேரை நான் போட்டுடுவேன்' என்று எச்சரித்திருப்பதால் மேடம் என்றே எழுதுகிறேன். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். வீட்டில் உருது, லேபில் இங்கிலீஷ், கேன்டீனில் நம் ஊர்த் தமிழ். இந்தக் கதை நடந்த வருடம் அவர் அரசு வேலைக்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். அதில் தமிழ்ப் பகுதி உண்டு. டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால் எங்களை ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்.

"அண்ணே, சிறுபேராளர். பொருள் இன்னா?"

"கம்மி ஆர்டர் குடுக்குற பையரு."

"தப்பு."

"மாநாட்டுக்கு வர்றவங்களைத்தானே பேராளர்னு சொல்றாங்க? அப்ப சிறுபேராளர்னா அங்க பை கெடைக்காதவங்க."

மேஜை மொத்தமும் சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை.

"பரீட்சை எனுக்கு. நீங்க ஜோக் அடிச்சிட்டுப் போய்டுவீங்க, நான் அத்தையே எழுதிட்டு வந்துடப் போறேன். கேளுங்க. இங்க பேராளர்னா பெரிய வீரம் இருக்குறவங்க. அதுக்கு முன்னாடி 'சிறு'ன்னு ஒண்ணைக் கொண்டாந்து மாட்டிட்டாங்க. பெரிய வீரந்தான், ஆனா கொஞ்சூண்டு."

"யாரைப் பாத்து அப்டிச் சொன்னாங்களாம்?"

"பழைய போர்ப் பாட்டுல வருது. ஊருக்குள்ள கள்ளுக் கிண்ணம் கையில இருக்கும்போது, நாளைக்குக் களத்துல அத்தைச் செய்வேன், இத்தைச் செய்வேன்னு பேசுறது. அந்தப் பேச்சுக்கு நெடுமொழின்னு பேரு. விடிஞ்சி களத்துல போய் நின்னா பேசுனது மறந்துபூடும். பயந்து பின்னால ஒதுங்குவாங்க. அவங்கதான் சிறுபேராளர்."

சொல்லிவிட்டு என்னையே பார்த்தார்.

"என்னை இன்னாத்துக்குப் பாக்குறீங்க, மேடம்?"

"நான் எங்க பாத்தேன்? உங்க கையில டீ கிளாஸ்தானே இருக்குது."

இந்தத் தடவை மேஜை இன்னும் பலமாகச் சிரித்தது. நான் சமாளித்துக்கொண்டு, "சரி, களத்துல அவங்க ஒதுங்குறாங்க. அப்புறம் இன்னா ஆகுது?" என்று கேட்டேன்.

"அதான் பாட்டுல முக்கியம்" என்று அவர் ஆரம்பிக்கும்போது மணி அடித்துவிட்டது. நம் கம்பெனி மணிக்கு இலக்கியம் தெரியாது. பாதிப் பொருளோடு எழுந்து போனேன்.

அந்தப் பாதி என்னை விடவில்லை. ஊரில் பெருமை பேசுகிறவனுக்கா பெயர் இல்லை? உதார் விடுகிறான், பீலா விடுகிறான், ஜம்பம் அடிக்கிறான், சவடால் பேசுகிறான் என்று தெருவுக்கு ஒரு சொல் வைத்திருக்கிறோம். டம்பம் இருக்கிறது. சொல்லை டகரத்தில் தொடங்கக் கூச்சப்பட்ட பழைய தமிழ், அதற்கு முன்னால் ஓர் இகரத்தை மாட்டி 'இடம்பம்' என்றது. அப்படிப்பட்ட ஆள் இடம்பன். பின்னால் மேடை நாடகக்காரர்கள் வந்தார்கள். அப்பன் சேர்த்த சொத்தை மினுக்கிலேயே கரைத்துத் தெருவுக்கு வருகிறவனை டம்பாச்சாரி ஆக்கி ஆடவிட்டார்கள். மேடையிலிருந்து இறங்கி அந்தப் பெயர் வீட்டு வசவாகவும் ஆகிவிட்டது.

ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள்! டம்பாச்சாரிக்குக் காட்டுவதற்கு ஏதாவது வேண்டும், சட்டையோ வண்டியோ. உதார் விடுகிறவனுக்குக் கேட்க ஓர் ஆள் போதும். பீலா விடுகிறவனுக்கு நேற்று போதும், நேற்று நடந்ததாக எதையும் சொல்லிவிடலாம், யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? சிறுபேராளன் மட்டும் நாளையைப் பற்றிப் பேசுகிறான். நாளைக்குச் செய்வேன் என்கிறான். நாளை வந்தே தீரும். பெருமை பேசுகிற கூட்டத்தில் பரீட்சை உள்ள ஒரே ஆள் இவன்தான். அப்பொழுது எனக்கு உறைத்தது: மார்க்கெட்டிங்கில் நாம் விற்பது எதை? இன்னும் தைக்காத ஷூவை. இன்னும் பதப்படுத்தாத தோலை. நாளைக்குத் தருகிறோம் என்பதைத்தானே காலையிலிருந்து சாயங்காலம் வரை விற்கிறோம்? நம் பிரிவு முழுக்க நெடுமொழிப் பிரிவு!

இப்போது களத்துக்கு வருவோம்.

மழைக்குப் போடுகிற ஷூ ஒன்று செய்ய ஒரு வெளிநாட்டு பையர் நம்மிடம் பேச்சுவார்த்தையில் இருந்தார். கணுக்காலை மூடுகிற மாடல், தண்ணீர் இறங்காத தோல். நம் ஃபினிஷிங்கில் அந்தத் தோலை முதல் தடவையாகச் செய்திருந்தோம். மேடம் அதை லேப் மெஷினில் போட்டு, தண்ணீருக்குள் மடக்கி மடக்கி நிமிர்த்திப் பார்த்து, தேறியது என்று ரிப்போர்ட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். சிக்கல் எங்கே என்றால், பையர் அந்தக் கையெழுத்தை நம்பத் தயாராக இல்லை. 'உங்கள் தோலை உங்கள் லேபே பாஸ் பண்ணுவதில் என்ன அதிசயம்? வெளி லேபுக்கு அனுப்புங்கள்' என்றார். வெளி லேபுக்கு அனுப்பி அது திரும்பி வருவதற்குள் அவருடைய சீசன் முடிந்துவிடும், ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும். அந்த ஆர்டரை நம்பிப் புதிய தையல் லைன் போட்டு வைத்திருந்தோம். மெஷின்களுக்கு மேல் சுற்றி வந்த பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. நாட்றம்பள்ளிப் பக்கத்திலிருந்து வேலைக்குச் சொல்லி வைத்திருந்த பெண்கள், பஸ் எப்போது வரும் என்று போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆக எல்லாமே மேடத்தின் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

பையர் நேரில் வந்த அன்று காலையிலேயே முதலாளி பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பாய்க்கு என் வாயின் மேல் பாசமும் உண்டு, பயமும் உண்டு.

"இதோ பாருபா. இன்னிக்கிப் பேச்சு கம்மியா வெச்சிக்கோ. ரிப்போர்ட்டு பேசட்டும். நீ பேசுனா ஜாஸ்தி ஆய்டுது."

"கண்டிப்பா, பாய். நான் வாயே தொறக்க மாட்டேன்."

இதுவும் ஒரு நெடுமொழிதான். கவனித்தீர்களா?

மீட்டிங் ஹாலில் பையர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். மேடம் சுவர் ஓரமாகக் கைகட்டி நின்றார். "மெஷினில் மறுபடியும் போட்டுக் காட்டட்டுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார். அதற்கு நிறைய நேரம் ஆகும், எனக்குச் சென்னையில் விமானம் இருக்கிறது என்று பையர் பேச்சை மூடி வைத்தார். ரிப்போர்ட்டையும் மூடி வைத்தார். அந்த மூடுகிற சத்தம் இருக்கிறதே, எனக்குள் என்னவோ செய்துவிட்டது. பேசாமல் இருக்க முடியுமா? எழுந்து நின்றுவிட்டேன்!

"மெஷின் எதற்கு, சார்? இந்தத் தோலில்தான் நான் தினமும் நடக்கிறேன். தண்ணீர் கொண்டு வருகிறேன், என் காலை வைக்கிறேன், நீங்களே பாருங்கள்!"

பாய் கண்ணை மூடிக்கொண்டார். பையர் கண்ணைத் திறந்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் சுவாரசியம் தெரிந்தது. அதுதான் எனக்குக் கள்.

மீட்டிங் ஹாலின் மூலையில் மழைக்கு ஒழுகும் இடத்தில் வைக்கிற பிளாஸ்டிக் டப் ஒன்று இருந்தது. தண்ணீர் இறங்காத ஷூ விற்கிற ஹாலில் கூரை ஒழுகுவதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். அதை நானே தூக்கிக்கொண்டு போய், பாத்ரூமில் தண்ணீர் பிடித்து, தளும்பத் தளும்பக் கொண்டுவந்து பையர் காலடியில் வைத்தேன். பேன்ட்டைச் சுருட்டினேன். மேஜையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, டப்புக்குக் கிட்டே எந்தக் கால் இருந்ததோ அந்தக் காலை உள்ளே வைத்தேன்.

இடது கால்.

புதிய தோலில் செய்த சாம்பிள் வலது கால். அது வந்த அன்றைக்கே நான் சாம்பிள் ரூமில் இருந்து தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கு ஜோடியாக மாட்டியிருந்த இடது, போன சீசனில் சாதாரணத் தோலில் அளவு பார்க்கச் செய்தது. அச்சு ஒன்று, நிறம் ஒன்று. தண்ணீருக்கு மட்டும் வித்தியாசம் தெரியும், எனக்குத் தெரியாது.

முதலில் சுண்டுவிரல் ஓரம் ஜில்லென்றது. ஏசி காற்று என்று நினைத்தேன். ஷூவுக்குள் ஏது ஏசி? அடுத்து ஒவ்வொரு விரலாக வந்து ஆஜர் சொன்னது. பாதத்துக்கு அடியில் ஒரு குட்டிப் பாலாறு ஓடத் தொடங்கியது. வெயில் காலத்திலும் வறண்டு போகாத பாலாறு!

அப்போது என் வாய் என்ன செய்தது தெரியுமா? பேசிக்கொண்டே இருந்தது. கால் தனியாக மூழ்கிக்கொண்டிருக்க, வாய் தனியாக நீந்திக்கொண்டிருந்தது. இந்தத் தோல் எந்த ஆட்டினுடையது, அந்த ஆடு எவ்வளவு நல்ல ஆடு என்பது வரைக்கும் சொன்னேன். அது மாட்டுத் தோல். மூளை மூன்றாவதாக ஒரு மூலையில் உட்கார்ந்து திட்டம் போட்டது. மயக்கம் போட்டு விழலாமா? விழுந்தால் ஷூவைத்தான் முதலில் கழற்றுவார்கள். போன் வந்ததாகச் சொல்லி டப்போடு வெளியே போகலாமா? தீப்பிடித்துவிட்டது என்று கத்தலாமா? கத்தினால் இந்தத் தண்ணீரையே எடுத்து ஊற்றுவார்கள்.

"எடுத்துக் காட்டுங்கள்" என்றார் பையர்.

"இன்னும் கொஞ்ச நேரம் வைக்கிறேன், சார். என்ன அவசரம்?"

இதற்குள் பாய்க்குத் தைரியம் வந்துவிட்டது. "எங்கள் ஆள் சாயங்காலம் வரைக்கும் நிற்பான்!" என்று இங்கிலீஷில் அறிவித்துவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில், "சபாஷ்பா, நில்லு!" என்றார். அரசனும் நெடுமொழியில் சேர்ந்துவிட்டான். இனிமேல் எங்கே ஓடுவது?

சிரித்துக்கொண்டே மேஜையைப் பார்த்தேன். அங்கே மேடத்தின் ரிப்போர்ட் இருந்தது. கடைசிப் பக்கம் மேலே இருந்தது. கையெழுத்து தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. அதுவரை வந்தது வெறும் பேஜார். இந்த ஈர சாக்ஸ் வெளியே வந்தால் பையர் என்னைப் பொய்யன் என்று நினைக்க மாட்டார், கோமாளி என்று நினைப்பார். அது எனக்குப் பழக்கம்தான். பொய் என்று நினைப்பது அந்தக் கையெழுத்தை. இரவும் பகலும் பார்த்துப் பார்த்துப் போட்ட அவருடைய கையெழுத்தை, நான் காலில் போட்டுக்கொண்டு தண்ணீரில் நிற்கிறேன்.

வாய் நின்றுவிட்டது. அந்த ஹாலில் என் வாய் நின்றதை யாரும் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பாய் திடுக்கிட்டு நிமிர்ந்தார். சுவர் ஓரமாக நின்ற மேடம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் இடது காலைப் பார்த்தார். வலது காலைப் பார்த்தார்.

பிறகு நடந்து வந்தார். வேகமாக இல்லை. எனக்கும் பையருக்கும் நடுவில் வந்து, எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"சார், இவர் தண்ணீரில் வைத்திருக்கும் ஷூ என் ரிப்போர்ட்டில் உள்ள தோல் இல்லை" என்று பையரிடம் நிதானமான இங்கிலீஷில் சொன்னார். "அது பழைய சாதாரணத் தோல். உள்ளே நனைந்திருக்கும். என் தோல் அவருடைய வலது காலில் இருக்கிறது. நான் சோதித்தது தோலை மட்டும்தான். தைத்து முடித்த ஷூவை இதுவரை சோதிக்கவில்லை. தையல் ஓட்டைகளுக்கு உள்ளே டேப் ஒட்டியிருக்கிறார்கள். அது தாங்குமா என்று எனக்குத் தெரியாது. உங்கள் கண் முன்னாலேயே பார்த்துவிடலாம். வலது காலும் நனைந்தால் என் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடுங்கள்."

"அரே, இன்னாம்மா..." என்று பாய் எழுந்தே விட்டார்.

எனக்கு உடம்பு முழுக்கப் பாலாறு. "மேடம்" என்று அவர் முதுகைப் பார்த்துக் கிசுகிசுத்தேன், "அந்தத் தையலு... தாங்குமா?"

"தெரியாதுண்ணே. காலை வைங்க."

வைத்தேன். இரண்டு காலும் உள்ளே. சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

"சும்மா நின்னா எப்டி? மடங்கணும். நடங்க."

"டப்புக்குள்ளயா?"

"பின்ன பஜாருக்கா? நடங்கண்ணே."

நடந்தேன்! போலீஸ்காரர் கவாத்து பண்ணுவதுபோல ஒரே இடத்தில் நடந்தேன். தண்ணீர் தெறித்துப் பாயின் வெள்ளைப் பேன்ட்டில் விழுந்தது. பையரின் பெட்டியில் விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் இடது ஷூ 'சளக், சளக்' என்று என்னைக் காட்டிக்கொடுத்தது. வலது ஷூ மட்டும் வாயைத் திறக்கவே இல்லை. அந்த வலது ஷூவிடம் நான் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருந்தது.

போதும் என்று பையர் கை காட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலில் இடது. கழற்றிக் கவிழ்த்தேன், ஊற்றியது. சாக்ஸைப் பிழிந்தேன், அதுவும் ஊற்றியது. "இது ஒழுகும், சார்" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் உண்மை.

பிறகு வலது. லேஸை மட்டும் அவிழ்த்தேன். பையரே குனிந்து ஷூவை உருவினார். உருவி, அதற்குள் கையை விட்டுத் துழாவினார். வெளிநாட்டுக்காரர் கை என் ஷூவுக்குள்! இன்றைக்குச் சாக்ஸ் மாற்றினோமா என்ற பயம் அந்த நேரத்திலும் வந்து போனது. நுனி வரைக்கும் துழாவி, கையை வெளியே எடுத்து, விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. என் வலது சாக்ஸைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது!

அவர் சிரித்தார், பாருங்கள்! பாய் சிரித்தார். நான் எல்லாருக்கும் மேலே சிரித்தேன். மேடம் மட்டும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

பையர் மேஜைக்குப் போய் அந்த ரிப்போர்ட்டைத் திறந்தார். மேடத்தின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். "எங்கே ஒழுகும் என்று முன்னாலேயே சொல்கிற லேபை நான் நம்புகிறேன்" என்றார். போகும்போது என் ஈர இடது ஷூவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டு போய்விட்டார். வலது இனிமேல் ஆர்டரில் வந்துவிடும், ஊரில் எங்கள் ஆட்களுக்கு வித்தியாசத்தைக் காட்ட எனக்கு இடதுதான் வேண்டும் என்றார். நான் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் பாத்ரூம் செருப்புமாகக் கேன்டீனுக்குப் போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. தோல் ஊர் அல்லவா, இதைவிட மோசமான ஜோடிகளைப் பார்த்திருக்கிறார்கள்.

மேடம் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன். நன்றி சொல்ல வேண்டும். நமக்குத்தான் அது வராதே.

"அன்னிக்கிப் பாதில மணி அடிச்சிட்டான். சிறுபேராளருங்க பயந்து ஒதுங்குறாங்க. அப்புறம் இன்னா ஆகுது?"

"அவங்களுக்குக் காவலா ஒருத்தன் முன்னால போய் நிப்பான். அவ்ளோதான்."

"திட்ட மாட்டானா? 'நேத்து அவ்ளோ பேசுனியே'ன்னு?"

"அப்டியெல்லாம் இல்ல. பாட்டே அவனைப் பத்தினதுதாண்ணே. பேசுனவங்க சும்மா நடுவுல வந்துட்டுப் போறாங்க."

"அவன் கள்ளு குடிக்கும்போது ஒண்ணும் பேசலியா?"

"அவன் ஊர்ல எப்டி இருப்பான்னா, வந்தவங்க வேணாம்னாலும் உடாம, கெஞ்சிக் கெஞ்சிச் சாப்புட வெப்பான்."

நான் டீ கிளாஸை மேஜையில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"இன்னாண்ணே சாப்புடாம உக்காந்துட்டீங்க? இந்தாங்க, கத்திரிக்கா. அம்மா செஞ்சது."

"வேணாம், மேடம். வயிறே சரியில்ல."

"அதெல்லாம் சரியாய்டும். சாப்புடுங்கண்ணே. என் மேல ஆணை, சாப்புடுங்க."

சாப்பிட்டேன். காரம் கண்ணில் தண்ணீராக வந்தது. அன்றைக்கு என்னிடம் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை.

அந்தப் பரீட்சையில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. அந்த வார்த்தை கேட்கப்படவே இல்லையாம். அது நமக்கு அதிர்ஷ்டம். இல்லையென்றால் இன்று நீங்கள் அந்தக் கதவுக்கு வெளியே வேறு யாரிடமோ திட்டு வாங்கிக்கொண்டிருப்பீர்கள்.

ஆகவே, தம்பிகளே, தங்கைகளே, பேசாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். அதைச் சொல்கிற வாய் என்னுடையது அல்ல. பேசுங்கள்! நாளைக்குத் தருகிறோம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் யார் நமக்கு ஆர்டர் தருவார்கள்? ஆனால் பேசும்போது யாருடைய கையெழுத்தைக் காலில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம் என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள். இன்னொன்று. என்றாவது ஒருநாள் உங்கள் பக்கத்து நாற்காலிக்காரன் சிரித்துக்கொண்டே திடீரென்று பேச்சை நிறுத்துவான். அப்போது அவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். எழுந்து அவனுக்கு முன்னால் போய் நில்லுங்கள். சாக்ஸைப் பிறகு பிழிந்துகொள்ளலாம்.

நான் ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். எல்லாரும் போன பிறகு மேடம் ஒரு ஷூ பெட்டியைக் கொண்டுவந்து கையில் வைத்தார். எடை கம்மியாக இருந்தது. திறந்தால் உள்ளே ஒற்றை ஷூ. இடது கால். அதே அச்சு, அதே நிறம், மழைத் தோல்.

"சாம்பிள் ரூம்ல சொல்லிச் செய்ய வெச்சேன். வலது உங்ககிட்ட இருக்குதில்ல?"

இருந்தது. அத்தனை வருடமும் பீரோவுக்கு அடியில் ஜோடியில்லாமல் கிடந்தது.

போன வாரம் ஆம்பூரில் நல்ல மழை. ரயில்வே பாலத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கி, ஆட்டோக்காரர்கள் எல்லாம் இந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். நான் இரண்டு காலிலும் அந்த ஜோடியை மாட்டிக்கொண்டு போயிருந்தேன்.

"அண்ணாத்தே, எறங்காதீங்க, ஷூ பூடும்" என்று ஓர் ஆட்டோக்காரர் கத்தினார்.

நான் பேன்ட்டைச் சுருட்டினேன். முதலில் இடது காலை வைத்தேன். அவரைத் திரும்பிப் பார்த்து, ஒரு வார்த்தையும் பேசாமல், நடந்து போனேன்.